64 பக்க விதிநூல் 6 பக்கமாக ஆன கதை

சென்ற சனிக்கிழமை இரவு பத்தேகால் மணி இருக்கும். என் அத்தை மகன் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல் இரண்டு கையையும் வளைத்து வளைத்து எதையோ காட்டிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் அவன் மந்திரவாதி. காற்றை ஏவிக் காவல்காரர்களின் பந்தத்தை அணைத்திருந்தான், அதற்கு விலையாக அடுத்த விடியல் வரைக்கும் குரல் போய்விட்டது. குரல் போனால் மேசையிலும் பேசக் கூடாது என்பது விதி. எதிரே என் அக்கா மகள் "பாலமா? பாம்பா? கிணறா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க, அவன் தலையை ஆட்டி ஆட்டி மறுக்க, மற்ற இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த இருபது நிமிடத்தில் யாரும் விதிநூலைத் தொடவில்லை. பதினைந்து மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான், அதனால் சூடு ஆறுவதற்குள் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

இது என்ன ஆட்டம் என்று தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் மதிலேறிக் குதிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும், அதற்கப்புறம் கதை அந்தப் பக்கம் போகும். இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவை (கட்டாய ராணுவ சேவை) காலத்து நண்பர்களோடு நான் பல வருடம் ஆங்கிலத்தில் ஆடியிருக்கிறேன். அக்கா மகள் தொடக்கநிலைப் பள்ளி முடிக்கும்போது, வீட்டில் தமிழிலேயே ஆட ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. வாய்மொழித் தேர்வைத் தவிர வேறெங்கும் அவள் தமிழில் நீளமாக ஒரு கதை சொல்லி நான் கேட்டதில்லை, அந்தக் கவலையும் இருந்தது.

2023 ஜனவரியில், இந்த வகை ஆட்டங்களில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள், பெயர் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஏறத்தாழ 400 பக்கம். அதில் தேவையானதை எடுத்துத் தமிழாக்கிச் சுருக்கினால் போதும் என்று தொடங்கினேன். என் வேலை கப்பல் பட்டறையில் பாதுகாப்பு நடைமுறைகள் எழுதுவது. யார் எந்த ஏணியில் எப்போது ஏறலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் விழுந்து சாவான். அதே கைப்பழக்கத்தோடு எழுதியதில் ஏறுவதற்கு ஒரு பத்தி, ஈரச் சுவரில் ஏறுவதற்கு ஒரு பத்தி, நீந்துவதற்கு ஒன்று, கவசத்தோடு நீந்துவதற்கு இன்னொன்று என்று வளர்ந்து, எண் போட்ட விதிகள் மட்டும் 118 ஆகின. ஏ5 அளவில் 64 பக்கம்.

பகடை விஷயத்தில் மட்டும் முதல் நாளிலேயே வேறு வழி எடுத்தேன். ஆங்கில ஆட்டத்தின் இருபது முகப் பகடை வேண்டாம், தாயக்கட்டையில் ஆடலாம். பஃபலோ ரோட்டுப் பக்கம் ஒரு பூஜைச் சாமான் கடையில் பித்தளைக் கட்டை ஒரு ஜோடி 18 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கிடைத்தது. இரண்டு நீளக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம், 1, 2, 3, அப்புறம் ஒரு வெற்றுப் பக்கம். இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து உருட்டிவிடும்போது வரும் அந்தச் சத்தத்துக்காகவே அதை எடுத்தேன் என்றும் சொல்லலாம். மொத்தம் 16 விதமாக விழும். கூட்டுத்தொகை 4, 5, 6 வந்தால் வெற்றி, இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு, அதுவும் வெற்றி. 3 வந்தால் காரியம் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 1, 2 வந்தால் தோல்வி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 16இல் 7 வெற்றி, 4 விலையோடு வெற்றி, 5 தோல்வி. ஒரு கதைக்கு இதைவிட நல்ல விகிதம் எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை இதை மாற்றவில்லை.

எழுதியது லிப்ரே ஆபிஸ் ரைட்டரில், எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், 9 புள்ளி. ஏ4 தாளை நடுவில் மடித்துப் புத்தகமாக்கும் ஏற்பாடு. தேசிய நூலகத்துக்குப் பக்கத்தில் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு அச்சுக் கடையில் ஒரு பக்கத்துக்கு 8 காசு என்றார்கள். ஐந்து பிரதி, 160 ஏ4 பக்கம், 12 வெள்ளி 80 காசு. எடுத்து வந்து மடித்தால் பின்பக்கம் எல்லாம் தலைகீழ். மடிக்கும் புத்தகத்துக்குத் தாளைக் குட்டை விளிம்பில் திருப்பி அச்சடிக்கச் சொல்ல வேண்டும், நான் நீள விளிம்பு என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தேன். இன்னொரு 12.80. இதைச் செய்யப் போகிறவர்கள் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து மடித்துப் பாருங்கள்.

முதல் ஆட்டம் ஜூன் பள்ளி விடுமுறையில். நான் கதைசொல்லி. அக்கா மகள், அத்தை மகன், என்னோடு சேவையில் இருந்த நண்பர், அவர் மனைவி என்று நான்கு பேர். பாத்திரங்களை உருவாக்கவே ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. எவ்வளவு நேரம் எதற்குப் போகிறது என்று பார்க்க ஒரு நோட்டில் மூன்று குறி வைத்திருந்தேன். யாராவது விதிநூலைத் திறந்தால் "தே", வாக்குவாதம் வந்தால் "வா", நான் என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்தால் "யோ". கைப்பேசியில் நேரம் பிடிக்கும் வேலை அக்கா மகளுக்கு. மூன்று மணி நேர ஆட்டத்தில் தே 31 முறை, மொத்தம் 47 நிமிடம். வா 3. யோ 4. கோவில் குளத்தில் ஒருவர் விழுந்தார், எல்லோரும் பதறினார்கள், நான் 41ஆம் பக்கத்தைத் தேடினேன், கண்டுபிடித்து வாசித்து முடித்தபோது ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்தவர் மூழ்குகிறாரா இல்லையா என்பதில் யாருக்கும் அக்கறை மிச்சமில்லை. எனக்கு அது ரொம்ப வலித்தது.

அதே இரவில் இன்னொரு தவறும் தெரிந்தது. தேர்ச்சி பெற்றவர்களுக்கு +1, +2 என்று கூட்டிக்கொள்ளும் பட்டியலை ஆங்கில விதியிலிருந்து அப்படியே கொண்டுவந்திருந்தேன். இருபது முகப் பகடையில் 2 கூட்டினால் நூற்றுக்குப் பத்துதான் மாறும். தாயக்கட்டையில் 2 கூட்டினால் தோல்வியே கிடையாது, மிகக் குறைவாக விழும் 1கூட 3 ஆகிவிடும். நண்பரின் மனைவி ஆடிய திருடி இரவு முழுக்க ஒருமுறைகூடத் தோற்கவில்லை. முதலில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, பத்து மணிக்கு மேல் "அண்ணே, நான் உருட்டணுமா, இல்ல நீங்களே சொல்லிடுறீங்களா?" என்று கேட்டார். அதோடு +2ஐ எடுத்துவிட்டேன். தேர்ச்சி இருந்தால் +1, அவ்வளவுதான். அதுவே 16இல் 7ஆக இருந்த வெற்றியை 11 ஆக்கிவிடுகிறது.

ஒரு சின்ன விஷயம். பித்தளைக் கட்டைகள் தரையில் உருளும்போது கீழ்வீட்டில் கேட்கும். இரவு பதினொரு மணிக்குக் கீழ்வீட்டு அங்கிள் மேலே வந்து, என்ன விழுகிறது என்று பதமாகக் கேட்டுவிட்டுப் போனார். மறுவாரத்திலிருந்து அம்மாவின் பழைய பலகாரத் தாம்பாளத்தில் கம்பளித் துணி விரித்து அதில்தான் உருட்டுகிறோம். துணியின் மேல் சில நேரம் ஒரு கட்டை இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்கும். "சாய்ந்தால் மறுபடி உருட்டு" என்ற மூன்று சொல் விதி அப்படி வந்தது. மொத்தப் புத்தகத்திலும் யாரும் ஒருமுறைகூடத் தேடிப் பார்க்காத விதி அதுதான்.

இரண்டாம் பதிப்புக்கு ஒரு முறை கண்டுபிடித்தேன், அது சரியான முறை என்றே நம்பினேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் எந்த விதி பயன்பட்டதோ அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. மூன்று ஆட்டம் முடிந்து எண்ணினால் 118இல் 37க்குத்தான் புள்ளி இருந்தது. புள்ளி இல்லாததை எல்லாம் வெட்டினேன். 28 பக்கம், ஐந்து பிரதிக்கு 5 வெள்ளி 60 காசு.

நான்காவது ஆட்டத்தில் அக்கா மகளின் வில்லாளி பாழுங்கிணற்றுக்குள் ஓர் அரவத்தோடு சண்டை போட்டு, உயிர்ப்புள்ளி (அடிபட அடிபடக் குறையும் எண்) தீர்ந்து விழுந்தாள். செத்துவிட்டாளா, மயங்கிக் கிடக்கிறாளா, எத்தனை நேரத்துக்குள் காப்பாற்றலாம்? முந்தைய மூன்று ஆட்டத்தில் யாரும் சாகவில்லை, அதனால் சாவு விதிக்குப் புள்ளி விழவில்லை, அதனால் நான் அதை வெட்டியிருந்தேன். நான் ஒன்று சொல்ல, நண்பர் அது நியாயமில்லை என்று சொல்ல, அத்தை மகன் இன்னொன்று சொல்ல, இருபத்தைந்து நிமிடம் போனது. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் தன் பாத்திரத் தாளை இரண்டாக மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் நான் பிழைக்க வைத்தேன். "பாவம் பாத்து விட்டுட்டீங்கல்ல மாமா?" என்றாள். பாவம் பார்த்துத்தான் விட்டேன், அதை அவள் விரும்பவில்லை. செத்திருந்தாலும் விதிப்படி செத்ததாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

எத்தனை முறை பயன்படுகிறது என்று எண்ணி வெட்டியது தவறு. பத்து ஆட்டத்துக்கு ஒருமுறை வந்தாலும், அந்த நேரத்தில் மேசையில் ஒருவர் எதையாவது இழக்கப் போகிறார் என்றால் அதற்கு விதி எழுத்தில் இருந்தாக வேண்டும், கதைசொல்லியின் மனசில் விடக் கூடாது. ஏணி ஏறுவதற்கு விதி இல்லாவிட்டால் யாரும் அழமாட்டார்கள்.

இதற்கிடையில் அம்மா. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அத்தை மகன் உருட்டியதில் ஒன்று விழுந்தது. அம்மா கையைத் தட்டி "தாயம்!" என்றார். நான் "இல்லம்மா, அது தோல்வி" என்றேன். "தாயம் விழுந்தா தோல்வியா? என்னடா ஆட்டம் இது!" என்று உண்மையாகவே கோபப்பட்டார். அதற்கப்புறம் கவனித்தேன், முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருமே ஒன்று விழுந்தால் முதலில் முகம் மலர்கிறார்கள், பிறகு நினைவு வந்து புத்தகத்தைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் இதனால் மட்டும் நான்கைந்து "தே". சின்ன வயதிலிருந்து தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்று பழகிய கைகளோடு என் ஒரு வரி விதி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஆகவே விதியை மாற்றினேன். தாயம் விழுந்தால் இப்போதைய காரியம் நடக்காது, ஆனால் போட்டவருக்கு ஒரு சோழி. பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்தச் சோழியைக் கொடுத்துவிட்டு மறுபடி உருட்டலாம். அன்றிலிருந்து தாயம் விழுந்தால் எல்லோரும் கத்துகிறார்கள், யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை. இதில் நான் திட்டமிடாத ஒன்றும் அமைந்தது. +1 உள்ளவர் தோற்பது 1 விழுந்தால் மட்டும்தான், அதாவது தேர்ந்தவர் தோற்கும்போதெல்லாம் சோழி வாங்குகிறார். கட்டையில் வெற்றும் வெற்றும் விழுந்தால் பன்னிரண்டு என்பதையும் நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை, அக்கா மகளுக்கு மட்டும் அம்மா சொல்லிக்கொடுத்தார்.

மூன்றாம் பதிப்பில் மறு எல்லைக்குப் போனேன். ஒரே தாள், ஒரு பக்கம். உருட்டும் முறை, சோழி, காயம், சாவு, பாத்திரத்துக்கு மூன்று வரி, அவ்வளவே. ஐந்து பிரதிக்கு 40 காசு. ஒரு பக்கத்தில் ஆடக்கூடிய ஆங்கில ஆட்டங்கள் பல இருக்கின்றன, சிலவற்றை நானே ஆடி ரசித்திருக்கிறேன், அதனால் நம்பிக்கையோடுதான் போனேன். அன்று மேலே வீட்டில் அக்காவுக்கு விருந்தினர், நாங்கள் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் ஆடினோம். பாத்திரங்கள் பத்தே நிமிடத்தில் தயார், ஆரம்பம் அருமையாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் இரண்டு இடத்தில் கழன்றது. முதலாவது, அத்தை மகனின் மந்திரம். தாளில் இருந்தது "காற்றை ஏவுவான்" என்ற ஒரே வரி. காற்றை ஏவி ஆற்றைத் தாண்டினான். காற்றை ஏவித் தீயை அணைத்தான். காவலனைத் தள்ளினான். தூரத்துப் பேச்சைக் காற்றில் வரவழைத்துக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் நான் "அவ்வளவு முடியாதுடா" என்றால் "எங்க எழுதியிருக்கு மச்சான்?" என்பான், அவன் கேட்டது சரிதான், எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வாள் வீச்சுக்கு எங்களிடம் வாக்குவாதமே வந்ததில்லை. ஒரு மனிதன் எவ்வளவு தூரம் தாவுவான், எத்தனை பேரை அடிப்பான் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். மந்திரக் காற்று எவ்வளவு கனத்தைத் தூக்கும் என்று யாரும் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அக்கா மகள் வில்லை, அதாவது கையில் இருந்த பென்சிலை, மேசையில் வைத்துவிட்டு "மாமா, அப்ப எனக்கு என்ன வேல?" என்றாள்.

இரண்டாவது கழன்றது நான். விதி குறைந்ததே தவிர, காட்டில் என்ன இருக்கிறது, அந்த ஊர்த் தலைவர் பெயர் என்ன, பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன என்று எல்லாக் கேள்வியும் என்னிடம் வந்தது. அன்றைய நோட்டில் தே 2, வா 9, யோ 22. நான் யோசித்த நேரம் மட்டும் 38 நிமிடம். தேடும் நேரம் குறைந்து யோசிக்கும் நேரமாக மாறிவிட்டது. ஆட்டம் முடிந்து லிஃப்டில் ஏறும்போது தலை கனத்தது.

அந்த வாரம் பழைய ஆங்கில விதிநூல்களை எடுத்துப் பக்கத்தை எண்ணினேன். 1974இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள், 36, 40, 36 பக்கம், மொத்தம் 112. ஆனால் அது ஏற்கெனவே போர்ப் பொம்மைகளை வைத்து ஆடிப் பழகியவர்களுக்கு எழுதியது, சண்டைக்கு 1971இல் வந்த இன்னொரு விதிநூலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும். 2014இல் வந்த ஆட்டக்காரர் நூல் மட்டும் 320 பக்கம், அதில் ஏறத்தாழ 80 பக்கம் மந்திரங்களின் விளக்கம். முன்பு அதைப் பார்த்து இவ்வளவு எதற்கு என்று நினைத்திருக்கிறேன். கீழ்த்தளத்து ஆட்டத்துக்குப் பிறகு காரணம் விளங்கியது.

நான்காம் பதிப்பை வேறு மாதிரி தொடங்கினேன். ஒவ்வொரு விதியையும் ஒரு அட்டையில் எழுதி (நூறு அட்டை 2 வெள்ளி 18 காசு), இரண்டே கேள்வி கேட்டேன். இது இல்லாவிட்டால் மேசையில் இரண்டு பேர் இரண்டு விதமாக நினைப்பார்களா? அப்படி நினைத்தால் யாராவது எதையாவது இழப்பார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் உள்ளே. நீச்சல், ஏணி, பாரம் சுமப்பது, குதிரை ஏற்றம் எல்லாம் வெளியே போயின. மிஞ்சியவை 6 பக்கம்: உருட்டுவதும் சோழியும் ஒரு பக்கம், சண்டை அரைப் பக்கம், காயமும் சாவும் ஒரு பக்கம், ஓய்வும் வளர்ச்சியும் ஒரு பக்கம், மந்திரம் மட்டும் இரண்டரைப் பக்கம்.

அந்த இரண்டரைப் பக்கத்துக்குத்தான் ஆறு வாரம் பிடித்தது. மொத்தம் 16 மந்திரம். ஒவ்வொன்றுக்கும் மூன்றே வரி: செய்வது, எட்டுவது, கேட்பது. உதாரணத்துக்குக் காற்று:

செய்வது: மூச்சு விடும் நேரத்துக்கு, பந்தத்தை அணைக்கும் அளவு காற்று. ஆளைத் தூக்காது.
எட்டுவது: முப்பது அடி, கண்ணுக்குத் தெரிய வேண்டும்.
கேட்பது: அடுத்த விடியல் வரை உன் குரல்.

"ஆளைத் தூக்காது" என்ற அந்த இரண்டு சொல்லை முதலில் போடவில்லை, சோதித்துப் பார்த்த அன்றே போட வேண்டியதாயிற்று. "கேட்பது" வரியில் முதலில் உயிர்ப்புள்ளி 2, உயிர்ப்புள்ளி 3 என்று எண்களாக எழுதியிருந்தேன். எண்ணைக் கழிக்க மறந்துபோகிறார்கள், அப்புறம் சண்டை. குரல், நிழல், அன்று காலையின் ஞாபகம், இடது கை என்று மாற்றியதும் யாரும் மறக்கவில்லை. இடது கையைக் கொடுத்தவர் ஒரு கையாலேயே பிராட்டா பிய்த்துச் சாப்பிட்டார்.

மிச்சம் 18 பக்கம் விதியே இல்லை, கதைசொல்லி யோசிக்காமல் எடுத்துப் பயன்படுத்தும் சரக்கு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று திணைக்கு இரண்டு பக்கமாகப் பத்துப் பக்கம்: அங்கே என்ன சத்தம் கேட்கும், யார் எதிர்ப்படுவார், என்ன கிடைக்காது. பெரியவர்களுக்குப் "பாலை" என்ற ஒரு சொல்லே போதும், வெயிலும் தாகமும் வழிப்பறியும் தானாக வந்துவிடும். அக்கா மகளுக்கு அப்படி வராது, அவளுக்காகத்தான் இரண்டு பக்கம். பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் அதுவே பாலை என்பதையும் ஆட்டத்தில் சேர்த்தேன்: ஒரு நிலத்தில் மூன்று முறை தோற்றால் அது வறளத் தொடங்கும். இப்போது அவளே "இன்னும் ஒண்ணு தோத்தா இது பாலையாயிடும்" என்று மற்றவர்களை எச்சரிக்கிறாள். பிறகு உயிரினங்கள் நான்கு பக்கம், ஊர் வதந்திகள் இரண்டு, ஆள் பெயர்கள் ஒன்று, கண்டெடுக்கும் பொருட்கள் ஒன்று. பெயர்ப் பக்கம் சாதாரணமாகத் தெரியும், ஆனால் "யோ" குறியில் பாதியை அடித்து நிறுத்தியது அதுதான்.

24 பக்கம், ஆறு ஏ4 தாள். ஐந்து பிரதி அச்சு 4.80, தடித்த வண்ண அட்டை 3 வெள்ளி. நடுமடிப்பில் கம்பி அடிக்க நீளக் கை ஸ்டேப்ளர் 21.90, அதை இரண்டாம் பதிப்பிலேயே வாங்கியிருந்தேன். கட்டை, அட்டை, நான்கு பதிப்பு, வீணான அந்த ஒன்று எல்லாம் சேர்த்து 81 வெள்ளி 48 காசு. சாப்பாட்டுச் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை. சோழிகள் அம்மாவின் பல்லாங்குழியிலிருந்து.

சென்ற சனிக்கிழமை, நான்காம் பதிப்பின் மூன்றாவது ஆட்டம். தே 6, வா 1, யோ 5. ஆறு தேடலில் ஐந்து மந்திரப் பக்கத்துக்கு, எதுவும் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. அந்த ஒரு வாக்குவாதம் அரைமணி நேரம் ஓடியது, ஆனால் அது விதியைப் பற்றியதில்லை. சிறைபிடித்தவனை விடுவதா வேண்டாமா என்று நண்பரும் அவர் மனைவியும் மோதிக்கொண்டார்கள், தண்ணீர் குடிக்கக்கூட யாரும் எழவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது சில உண்டு. 9 புள்ளி எழுத்து இரவு விளக்கில் நண்பருக்குப் படிக்க முடியவில்லை, 10.5 போட்டு 28 பக்கமாக விடலாம். மந்திரத்தைப் புத்தகத்தில் வைக்காமல் ஒன்றுக்கு ஒரு அட்டையாக மந்திரவாதியின் கையிலேயே கொடுத்திருந்தால் அந்த ஐந்து தேடலும் மிச்சம். நோட்டில் மூன்று குறி வைப்பதை முதல் நாளிலேயே செய்தது நல்லது, அது இல்லாமல் எது கெட்டுப்போகிறது என்றே தெரிந்திருக்காது. மொழிபெயர்ப்பில் தொடங்கியதைத்தான் செய்திருக்கக் கூடாது, மூன்று மாதம் போனது.

இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. இவ்வளவு நாளும் கதைசொல்லி நானே, புத்தகத்தில் இல்லாதது என் தலையில் இருந்து வந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் ஒரு பிரதியையும் கட்டைகளையும் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு போய்த் தன் வகுப்புத் தோழிகள் மூன்று பேருக்குத் தானே கதை சொல்லியிருக்கிறாள். தமிழில்தானா என்று கேட்டேன், பாதி தமிழ் என்றாள். திரும்பி வந்து, பாத்திரத் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்த நான்கு கேள்வியைக் கொடுத்தாள். மூன்று மந்திரத்தைப் பற்றி. நிழலைக் கொடுத்துவிட்டவன் இருட்டில் இன்னொரு மந்திரம் போட்டால் என்ன கொடுப்பான்? குரல் போனவன் எழுதிக் காட்டலாமா? ஞாபகத்தைக் கொடுத்தவனுக்கு மற்றவர்கள் நடந்ததைச் சொல்லிவிடலாமா? நான்காவது, பூனையைத் தோளில் வைத்துக்கொண்டு அம்பு விடலாமா என்பது. பூனைக்கு விதி வேண்டியதில்லை, அவர்களே பேசி விடலாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். எழுதிக் காட்டுவதற்கு ஒரு வரி, நிழலுக்கு ஒரு வரி, ஞாபகத்துக்கு ஒரு வரி, மூன்றையும் இன்றிரவு எழுத வேண்டும். இரண்டரைப் பக்கத்தின் கடைசியில் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது.